கொப்பியின் பின்பக்கம்: இளையோர் நாவல்கள் இரண்டை முன்வைத்து

பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துப் பழகிய எவருக்கும் 'த போயட் எக்ஸ்' நாவலில் உள்ள ஓர் உத்தி உடனே பிடிபட்டுவிடும். பதினைந்து வயது ஸியோமாராவுக்கு அவளது ஆங்கில ஆசிரியை ஒரு தலைப்புக் கொடுக்கிறார்: உன் வாழ்க்கையில் உன்னை மிகவும் பாதித்த நாள் எது? முதலில் நமக்குக் காட்டப்படுவது அவள் தனக்காக எழுதிய வரைவு. அதில் அவள் பெரியபிள்ளையான நாள் இருக்கிறது. அந்தச் சமயத்தில் தானாகக் கடையில் வாங்கிப் பாவித்த ஒரு பொருளுக்காகத் தாயிடம் வாங்கிய அடியும் இருக்கிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அவள் உண்மையில் ஆசிரியையிடம் ஒப்படைத்த கட்டுரை. இரட்டைச் சகோதரன் மதியச் சாப்பாட்டுக் காசைச் சேமித்துத் தனக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்த பிறந்தநாளைப் பற்றியது. ஒழுங்கான பந்திகள், அடக்கமான வசனங்கள். தாராளமாகப் புள்ளி போடலாம்.

நாவல் முழுவதும் இப்படி இரண்டு பிரதிகள் அருகருகே வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியது ஒன்று, கொடுத்தது வேறொன்று. இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டுரைக் கொப்பி திருத்துகிறவள் என்ற வகையில் சொல்கிறேன், எனக்கு இதுவரை கிடைத்தவை எல்லாம் இரண்டாவது வகைதான். முதலாவது வகை எங்கே போகிறது என்று நான் பெரிதாக யோசித்ததில்லை. ஒரேயொரு தடவை அது என் கைக்கு வந்தது. அதை நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நூலாசிரியர் எலிஸபெத் அசெவேடோ டொமினிக்கன் குடியேறிகளின் மகள். நியூயோர்க்கில் பிறந்து வளர்ந்தவர். மேடையில் கவிதை சொல்லிப் போட்டியிடும் 'ஸ்லாம்' கலையில் பெயர் எடுத்தவர். மேரிலாந்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவரும்கூட. புத்தகம் வாசிக்க மறுத்த ஒரு மாணவி, இவற்றில் எங்களைப் போன்ற ஆட்கள் இல்லையே என்ற கருத்தில் சொன்னதுதான் தன்னை நாவல் எழுதத் தூண்டியது என்று அவர் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். நாவல் 2018இல் வெளிவந்தது. அந்த வருடமே அமெரிக்காவின் தேசிய நூல் விருதை இளையோர் பிரிவில் பெற்றது. மறுவருடம் பிரிண்ட்ஸ் விருதும் பிரித்தானியாவின் கார்னகி பதக்கமும் அதற்குக் கிடைத்தன.

இளையோர் இலக்கியம் என்ற வகை நமக்கு இன்னும் அந்நியமானது. எங்கள் காலத்தில் சிறுவர் கதைப் புத்தகத்தை மூடிய கையோடு நேரே ரமணிசந்திரனைத் திறந்தோம். இடையில் ஐந்தாறு வருடங்கள் இருக்கின்றன என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. உடம்பு மாறுகிற, கூட்டாளிமார் உம்மா வாப்பாவைவிடப் பெரிதாகத் தெரிகிற, தொழுகையில் நிற்கும்போதே மனசு கேள்வி கேட்கிற அந்த வருடங்களுக்கென்று ஒரு புத்தகம் எங்களிடம் இருக்கவில்லை. இன்றும் பெரிதாக இல்லை.

ஸியோமாராவின் தாய் அல்தக்ரேசியா கடும் பக்தி உள்ள கத்தோலிக்கப் பெண். கன்னியாஸ்திரி ஆக விரும்பியவர். குடும்பம் அமெரிக்கா வருவதற்காக, விரும்பாத ஓர் ஆளுக்கு மணமுடித்து வைக்கப்பட்டவர். அலுவலகக் கட்டடம் துப்புரவு செய்யும் வேலை. வேலைக்குப் போனாலும் வந்தாலும் ஜெபம். மகள் உறுதிபூசுதல் வகுப்புக்குப் போயே ஆகவேண்டும் என்பது அவரது பிடிவாதம். பாடசாலையின் கவிதைக் கழகம் கூடுவதும் அதே செவ்வாய்க்கிழமை அதே நேரம். மத்ரஸா நேரமும் பாடசாலை நிகழ்ச்சிகளும் முட்டிக்கொள்ளும் சங்கடத்தைக் கண்ட நமக்கு இந்த முடிச்சை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் வகுப்புக்குப் போகாமல் கவிதைக் கழகத்துக்குப் போகிறாள். உடன் படிக்கும் அமான் என்ற பையனோடு பழகுகிறாள். அது தாய்க்குத் தெரியவந்தபோது, பச்சையரிசியின் மேல் முழங்காலிட வைக்கப்படுகிறாள். பிறகொரு நாள் கவிதைக் கொப்பி தாயின் கையில் அகப்படுகிறது. தாய் அதைக் கொளுத்துகிறார். கொப்பி எரிய எரிய, தாய் வேத வசனம் சொல்கிறார். மகள் மனப்பாடமாகத் தன் கவிதைகளைச் சொல்கிறாள். இரண்டு பேரும் ஓதுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை.

இந்த நாவலைப் பாராட்டுகிற பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மதம் ஒருபக்கம், கலை மறுபக்கம், நடுவில் துணிச்சலான பெண். அப்படி மட்டும் இருந்தால் இது ஆயிரத்தில் ஒன்று. நம் வீட்டுப் பெண்களைப் பற்றி வெளியார் எழுதும் கதைகளும் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

இந்நாவலை அந்த அச்சிலிருந்து வெளியே எடுப்பவர்கள் இரண்டு பக்கப் பாத்திரங்கள். ஒருத்தி கரிதாத், ஸியோமாராவின் சின்னவயதுத் தோழி. கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவள், சொல்லுக்கு அடங்கியவள், ஸியோமாராவின் சந்தேகங்கள் எதுவும் இல்லாதவள். இப்படிப்பட்ட தோழியை இளையோர் நாவல்கள் வழக்கமாக இரண்டு விதமாகத்தான் கையாளும். ஒன்றில் கேலிப்பொருள், இல்லாவிட்டால் கோள் சொல்லி. கரிதாத் இரண்டுமில்லை. தோழியின் போக்கு தனக்குச் சரியாகப் படாததை முகத்துக்கு நேரே சொல்கிறாள், சொல்லிவிட்டு அவளோடேயே நிற்கிறாள். தன் ஈமானையும் கைவிடவில்லை, தோழியையும் கைவிடவில்லை. (ஈமான் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன்.) கூட்டாளி என்றால் ஒரே மாதிரி நினைப்பவள் என்று நம்பும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாத்திரத்துக்காகவே நாவலைக் கொடுக்கலாம்.

மற்றவர் பாதிரியார் ஷோன். வகுப்புக்கு வராத பிள்ளையை அவர் தாயிடம் பிடித்துக் கொடுக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஆயத்தம் போதாது, அவசரப்படுத்த வேண்டாம் என்கிறார். வீடு உடைந்தபிறகு, தாயோடு கதைக்க உதவும்படி ஸியோமாரா தேடிப்போவதும் அவரைத்தான். மதத்தின் பெயரால் வந்த காயத்துக்கு மருந்தும் அதே வாசலில் இருந்து வருவதாக அசெவேடோ எழுதியிருப்பது சின்ன விஷயமல்ல. கடைசியில் அவள் மேடையேறும்போது முன்னால் அமர்ந்திருப்பவர்களில் கரிதாதும் ஷோனும் உண்டு, தாயும் உண்டு. நாவல் முடிவது ஒரு சங்கீத வசனத்தைப் பற்றிய கட்டுரையோடு. சொற்கள் விரியும்போது வெளிச்சம் வருவதைப் பற்றிய வசனம் அது. சங்கீதம் என்பது நாம் ஸபூர் என்று அறிந்த, தாவூத் நபிக்கு அருளப்பட்ட வேதத்தோடு தொடர்புடைய பாடல்கள். அந்தக் கடைசிக் கட்டுரைக்கு இரண்டு பிரதிகள் இல்லை. எழுதியதையே கொடுக்கிறாள்.

குறைகளும் உண்டு. முழுக்கக் கவிதையால் ஆன நாவல் என்றாலும், எல்லாம் கவிதை என்று சொல்ல ஏலாது. பல இடங்களில் வசனத்தை முறித்து வரிவரியாகப் போட்டிருக்கிறார். மேடையில் குரலோடு வரும்போது எடுபடக்கூடியவை பக்கத்தில் சோர்ந்து கிடக்கின்றன. பையனோடான பழக்கம், உடம்பைப் பற்றிய வெளிப்படையான பேச்சு போன்றவை நமது பெற்றோருக்கு உறுத்தும். எனக்கும் சில இடங்களில் உறுத்தியது. எட்டாம் ஒன்பதாம் தரத்துப் பிள்ளையிடம் நான் இதைக் கொடுக்கமாட்டேன். உயர்தர வகுப்பில், பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

ஆனால் என் பெரிய முறைப்பாடு வேறு. கன்னியாஸ்திரி ஆக ஆசைப்பட்ட அந்தப் பெண்ணின் கதை நமக்கு மகளின் வாயால், சில பக்கங்களில் மட்டும் வருகிறது. தான் அடைய முடியாமற்போன ஒரு வாழ்வை மகள்மேல் ஏற்றிவைத்தவர் அவர். அந்தத் தீயை மூட்டிய கைக்குள் என்ன இருந்தது என்று நாவல் நின்று கேட்கவில்லை. அதனால்தான் கடைசிச் சமாதானம் அவசரமாகப் படுகிறது. அத்தனை பெரிய நெருப்புக்குப் பிறகு கொஞ்சப் பக்கங்களுக்குள் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கவிதை கேட்கிறார்கள். எங்கட வீடுகளில் இப்படியெல்லாம் சுருக்காக நடக்காது. நியூயோர்க்கிலும் நடக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அங்கே விடுபட்ட தாயின் குரல் எனக்குக் கேட்டது வேறொரு நாவலில். சபா தாஹிரின் 'ஓல் மை ரேஜ்' 2022இல் வந்தது. அதே தேசிய நூல் விருதை அந்த வருடமும், பிரிண்ட்ஸ் விருதை அடுத்த வருடமும் பெற்றது. பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட தாஹிர் லண்டனில் பிறந்து, கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் பெற்றோர் நடத்திய பதினெட்டு அறைத் தங்குவிடுதியில் வளர்ந்தவர். அதற்குமுன் மாயக்கதை வரிசை ஒன்றால் பெயர்பெற்றிருந்தவர், இந்நாவலில் தன் சொந்த மண்ணுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

ஜுனிப்பர் என்ற பாலைவன ஊர். ஸலாஹுத்தீனின் பெற்றோர் ஒரு சின்ன விடுதி நடத்துகிறார்கள். தகப்பன் குடிக்கு அடிமை. தாய் மிஸ்பாஹ் சிறுநீரக நோயாளி. நாவல் தொடங்கிக் கொஞ்சத்திலேயே மவுத்தாகிவிடுகிறார். நூர் என்ற பெண் ஆறு வயதில் பாகிஸ்தானில் பூகம்பத்தில் குடும்பம் முழுவதையும் இழந்தவள். இடிபாட்டுக்குள் இருந்து அவளைத் தோண்டி எடுத்த சாச்சாவிடம் வளர்கிறாள். ஸலாஹுத்தீனும் நூரும் சிறுவயது முதல் இணைபிரியாத கூட்டாளிகள். நாவல் தொடங்கும்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அத்தியாயங்கள் மூன்று பேரின் வாயால் மாறி மாறி வருகின்றன. இரண்டு பேர் பிள்ளைகள். மூன்றாவது மிஸ்பாஹ். ஆள் மவுத்தான பிறகும் அவரது அத்தியாயங்கள் நிற்கவில்லை. லாகூரில் குமரியாக இருந்த காலம், ஒரு குறிகாரி அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று சொன்னது, பேசி முடித்த கலியாணம், கடல் கடந்து வந்தது, விடுதி வாங்கியது, கணவனின் கிளாஸ் நிறையத் தொடங்கியது என்று அவர் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறார். மூன்றாவது பிள்ளை எதுவென்பதை வாசகர் போகப்போகக் கண்டுகொள்வார். இந்தத் தாய்க்கும் மகனுக்குத் தெரியாத ஒரு வாழ்வு இருந்தது. மகன் அதை அறியமாட்டான், நாம் அறிகிறோம். பதினேழு வயது வாசகர் ஒருவருக்கு, உம்மாவும் ஒரு காலத்தில் பதினேழு வயதில் இருந்தா என்று காட்டுவதைவிட ஒரு நாவல் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

இன்னொன்று. நூரை அடிக்கிற, மேற்படிப்புக்கு விடாமல் மறிக்கிற சாச்சா மார்க்கப் பற்றுள்ள ஆளில்லை. தீனையும் பிறந்த நாட்டையும் ஒதுக்கித் தள்ளியவர், மதுக்கடை நடத்துகிறவர். பள்ளிவாசல் இமாம் ஷபீக்கோ பிள்ளைகள் தேடிப்போகக்கூடிய மனிதர். அவரது மனைவி கதீஜா சட்டத்தரணி. நூர் வழக்கில் மாட்டும்போது துணைக்கு வருபவர். அங்கே பாதிரியார் ஷோன் நின்ற இடத்தில் இங்கே இவர்கள் நிற்கிறார்கள். அதற்காகத் தாஹிர் நமக்கு விளம்பரம் செய்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். சாச்சாவின் அடியை அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பதையும் அவர் எழுதுகிறார். அந்தக் கணக்கில் நல்லவர்களும் வருகிறார்கள்.

கலை இந்நாவலில் மேடையேறுவதில்லை. ஸலாஹுத்தீன் எழுதுகிறான், நூர் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு உலகத்தை மூடிவிடுகிறாள். ஆனால் என்னைப் பிடித்த இடம் வகுப்பறைதான். அமெரிக்கக் கவிஞர் எலிஸபெத் பிஷப்பின் 'வன் ஆர்ட்' என்ற கவிதையைப் பற்றி நூர் கட்டுரை எழுதவேண்டும். இழப்பதை ஒரு கைத்தொழில்போலப் பழகிக்கொள்ளலாம் என்று அலட்சியமாகத் தொடங்கி, கடைசி அடியில் தடுமாறிவிடுகிற கவிதை அது. ஊர், வீடு, உம்மா வாப்பா எல்லாவற்றையும் மண்ணுக்குள் விட்டுவந்த பிள்ளையிடம் இந்தக் கவிதையின் பொருளை எழுதச் சொல்கிறது பாடத்திட்டம். அவளால் எழுத முடியவில்லை. விளங்காததால் அல்ல என்பது நமக்குத் தெரிகிறது. நயம் எழுதுக என்று கேள்வி கொடுக்கும்போது நானும் இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தாஹிரின் குறை அளவு தெரியாமை. மரணம், குடி, அடி, கடன், போதைப்பொருள், கைது, நீதிமன்றம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார், மூச்சுவிட இடமில்லை. விடுதியைக் காப்பாற்ற மகன் போதைப்பொருள் விற்கப்போகும் பகுதியில் அவன் மனசு போதுமான அளவு திறக்கவில்லை, சம்பவங்கள்தான் ஓடுகின்றன. ஒரு துயரத்தைக் குறைத்திருந்தால் மற்றவை இன்னும் கனத்திருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நினைவுக்கு வந்தவர் கவிஞர் சல்மா. துவரங்குறிச்சியில் வயசுக்கு வந்ததோடு படிப்பு நிறுத்தப்பட்டவர், ஒளித்து ஒளித்து எழுதியவர். அவரது கவிதைகள் வீட்டைத் தாண்டிப் பதிப்பாளரை அடைய வழி செய்தவர் அவரது தாய். அதே தாய்தான் பாடசாலையை விட்டு மறித்த குடும்பத்திலும் ஓர் ஆள். ஒரே கை மறிக்கவும் செய்யும், கடத்திக் கொடுக்கவும் செய்யும் என்பதை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் நம்பமாட்டோம். அசெவேடோ தவறவிட்டது அந்தத் தாயைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி என் விஷயம்.

பதினைந்து வருடமிருக்கும், அப்போது வேறொரு பாடசாலையில் இருந்தேன். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தியின் தமிழ்க் கொப்பியைத் திருத்தும்போது காற்றுக்குப் பின்பக்கம் புரண்டது. பென்சிலால் எழுதிய கவிதைகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்று அவளுடைய உம்மாவைப் பற்றியது. வாப்பா வெளிநாடு போனபிறகு உம்மா போனில் மட்டும்தான் சிரிக்கிறா என்பது அதன் சாரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கிழமை பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாயைக் கண்டதும் கொப்பியை விரித்து நீட்டினேன். "உங்கட மகள் எவ்வளவு நல்லா எழுதுறா பாருங்க, மொழித்தினப் போட்டிக்கு அனுப்புவம்" என்றேன். அவர் நின்றபடியே வாசித்தார். சுற்றிவர வேறு உம்மாமார் இருந்தார்கள். "சரி டீச்சர்" என்று மட்டும் சொல்லிக் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிள்ளை அடுத்தநாள் புதுக் கொப்பியோடு வந்தாள். பழையது எங்கே என்று கேட்டேன். "முடிஞ்சிட்டு டீச்சர்" என்றாள். அரைவாசிகூட முடிந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பின்பக்கத்தில் எதுவும் இல்லை. நெடுநாளாக நான் அந்தத் தாயைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கொப்பிக்கு அடுப்பில் என்ன நடந்திருக்கும் என்று நானே கற்பனை செய்தும் வைத்திருந்தேன்.

மிஸ்பாஹின் அத்தியாயங்களை வாசித்தபோதுதான், நடுக்கூடத்தில் நாலு பேர் பார்க்க ஒரு பெண்ணின் தனிமையை அவள் கையிலேயே விரித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது. பிறகு 'த போயட் எக்ஸ்' நாவலை இரண்டாம் தடவை புரட்டி, ஆசிரியை கலியானோ வரும் இடங்களை மட்டும் பார்த்தேன். அவர் கழகத்துக்கு வா என்று கூப்பிடுகிறார், வராதபோது காத்திருக்கிறார். கொப்பியைப் பறித்து எவருக்கும் காட்டவில்லை. தாயோடு கதைக்கவேண்டும் என்கிறார், ஆனால் கதைக்கவேண்டியது மகள்தான் என்று விட்டுவிடுகிறார். முதல் வாசிப்பில் இவரை நான் சப்பென்ற பாத்திரம் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பை இப்போது வெட்டிவிட்டேன்.

போன வருடம் ஒரு கலியாண வீட்டில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். பிள்ளை என்ன பிள்ளை, கையில் ஏழெட்டு வயது மகள். சலாம் சொல்லிவிட்டு, "டீச்சர் இன்னும் கொப்பிட பின்பக்கம் பாக்குறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். கோபமா பகிடியா என்று எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை.

"கேட்டுட்டுத்தான் பாக்குற" என்றேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒரே சஹனில் உட்கார்ந்தோம், மகள் எங்கள் இருவருக்கும் நடுவில்.